பெருசு பண்ணிப் பாக்கறதும் பெருசா எடுக்கறதும்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. பொட்டி தட்டுறவன். இன்ஜினியரிங் படிச்சவன் சூரியனுக்குக் கீழ இருக்கற எல்லாத்தைப் பத்தியும் கருத்து சொல்லுவான்ங்கிற நம்ம குலவழக்கப்படி நானும் போன வருஷம் ஒரு விஷயத்துல கருத்து சொன்னேன். தப்பாச் சொன்னேன். எப்படித் தப்புன்னு எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. மருத்துவம் படிச்ச பதிவர்கள் யாராச்சும் படிச்சா, நான் இப்ப சொல்றதுலயும் ஓட்டை இருந்தா கூச்சப்படாம கொட்டலாம்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், பிரியாணி சாப்பிட்டுட்டு அரைத்தூக்கத்துல இருக்கேன். ஊர்ல இருந்து பெரியம்மா போன். பெரியம்மாவுக்கு வயசு 57. கம்பம் பக்கத்துல கிராமம், அரை ஏக்கர்ல பன்னீர் திராட்சைப் பந்தல். (2023-ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அதே கம்பம் பன்னீர் திராட்சை. குறியீடு வந்ததும் விலை ஏறிடும்னு நெனச்சோம். சரி, அது வேற பதிவு.) ஊர்ல நடந்த ஒரு முகாம்ல டாக்டரம்மா பாத்துட்டு எதுக்கும் ஒரு மேமோகிராம் எடுத்துடுங்கன்னு சொல்லியிருக்காங்க. இவங்களும் பஸ் ஏறிப் போய் எடுத்துட்டு வந்துட்டாங்க.

"ஏய்யா, நல்லாருக்கியா? ஒண்ணு கேக்கணும். மார்ல படம் எடுத்தேன்ல, அதுல என்னமோ பொடிப்பொடியாத் தெரியுதாம். திரும்ப வரச்சொல்றாக. பெருசு பண்ணி எடுக்கணுமாம். ஏன்யா, படம் கம்ப்யூட்டர்லதான இருக்கு, அதுலயே பெருசு பண்ணிப் பாத்துக்கிட முடியாதா?"

நான் உடனே, "அதானே பெரிம்மா! ஜூம் பண்ணா தெரிஞ்சுட்டுப் போகுது. சும்மா காசு புடுங்குற வேலை. ரிப்போர்ட்டை வாட்ஸப்புல அனுப்புங்க, பாக்கறேன்"னேன்.

ரிப்போர்ட் வந்துச்சு. இடது மார்பு, மேல் வெளிப்பக்கம், நுண்ணிய சுண்ணாம்புத் துகள் கூட்டம், மேக்னிஃபிகேஷன் படம் தேவை. கடைசியில பைராட்ஸ் 0. இங்கதான் என் அறிவு முழுசா வேலை செஞ்சது. நாங்க எழுதுற ப்ரோக்ராம் 0-ன்னு திருப்பிக் குடுத்தா எல்லாம் சுபம், வீட்டுக்குப் போகலாம்னு அர்த்தம். "ஜீரோன்னு போட்டிருக்கு பெரிம்மா, ஒண்ணும் இல்ல. கவாத்து வேலை முடியட்டும், மெதுவாப் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டேன்.

பைராட்ஸ்ல 1-ன்னா ஒண்ணும் இல்ல. 2-ன்னா ஏதோ இருக்கு, ஆனா கெட்டது இல்ல. 0-ன்னா "இன்னும் பாத்து முடிக்கல, முடிவு சொல்ல இந்தப் படம் பத்தாது"ன்னு அர்த்தம். புத்துநோய்னும் இல்ல, புத்துநோய் இல்லைன்னும் இல்ல. இது எனக்குத் தெரிய 3 வாரம் ஆச்சு.

3 வாரம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பெரியம்மா வீட்டுல சாப்பாடு. அக்கா, அதாவது பெரியம்மா பொண்ணு, என்னைத் தனியாக் கூப்பிட்டுப் போய், "அம்மா நகையெல்லாம் எது யாருக்குன்னு சொல்லிட்டிருக்காடா. ராத்திரி தூங்குறதே இல்ல"ன்னா. நான் சொன்ன 'ஒண்ணும் இல்ல'யை பெரியம்மா நம்பவே இல்ல. நான் சொன்னதால போகாம மட்டும் இருந்துட்டாங்க. பயம் அப்படியே இருக்கு, வைத்தியம் நின்னு போச்சு. ரெண்டு பக்கமும் நட்டம்.

சரின்னு சிடியைக் கேட்டேன். என் லேப்டாப்புல சிடி போடற இடமே கெடையாது :-) மாமா பையனோட பழைய டெஸ்க்டாப்பைத் தூசி தட்டி, இலவச டைகாம் வியூவர் ஒண்ணை இறக்கிப் படத்தைத் தொறந்தேன். துகள் இருக்கற எடம் உப்புத் தூவுன மாதிரி தெரிஞ்சது. 200 சதவீதம் ஜூம். உப்பு கொஞ்சம் பெருசாச்சு. 400. 800. உப்பு போயி கட்டம் கட்டமா சதுரம் வந்துச்சு. அப்பதான் மண்டையில ஒறைச்சது. நாலஞ்சு பிக்சல வெச்சுக்கிட்டு நான் எதைப் பாக்கப் போறேன்?

நம்ம தேனி மாவட்டத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஃப்ளெக்ஸ் பேனர் பாத்திருப்பீங்க. காதுகுத்து, சடங்கு எதுவா இருந்தாலும் முக்குக்கு முக்கு தாய்மாமன் படம். யாரோ ஒரு மாமனோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வாட்ஸப்புல வாங்கி அதைப் பத்தடிக்கு இழுத்திருப்பாங்க. மூஞ்சி பெருசா இருக்கும், ஆனா மீசை எங்க முடியுது, ஒதடு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. போட்டோல இல்லாத மீசை முடியை ஃப்ளெக்ஸ் கடைக்காரர் எங்க இருந்து கொண்டு வருவாரு? டிஜிட்டல் ஜூம் இதுதான். ரெண்டு பிக்சலுக்கு நடுவுல என்ன இருந்திருக்கும்னு சாஃப்ட்வேர் சராசரி போட்டு நிரப்பும். அந்தச் சராசரி போடற கோடு எழுதுற கூட்டத்துலதான் நானும் இருக்கேன், இருந்தும் எனக்குத் தோணல. சினிமாவுல போலீஸ் ஆபீசர் "ஜூம் பண்ணு... இன்னும் ஜூம் பண்ணு"ன்னு சொல்ல, மங்கலான படத்துல இருந்து பளிச்சுன்னு கார் நம்பர் வருமே, அதைப் பாத்துப் பாத்து நாமளே நம்ப ஆரம்பிச்சுட்டோம் போல.

அப்ப அவங்க கேக்கற மேக்னிஃபிகேஷன்ங்கிறது வேறயா? முழுக்க வேற.

சின்ன வயசுல கரண்ட் போனா என்ன செய்வோம்? டார்ச் அடிச்சு செவுத்துல கையால மான், நாய், கொக்கு. கையைச் செவுத்துகிட்ட வெச்சா நெழலு கை அளவு. டார்ச் பக்கமா இழுத்தா நெழலு பெருசு. எக்ஸ்ரேயும் நெழல்தான். சாதாரண மேமோகிராம்ல மார்பை டிடெக்டருக்கு நேர் மேல வெச்சு அமுக்கி எடுப்பாங்க, அதாவது கை செவுத்தை ஒட்டி இருக்கு. மேக்னிஃபிகேஷன்ல டிடெக்டருக்கு மேல ஒரு மேடை போட்டு அதுமேல மார்பை வெச்சு எடுப்பாங்க. இப்ப கை டார்ச் பக்கம் போயிடுச்சு. நெழலு டிடெக்டர்ல விழும்போதே பெருசா விழுது. எக்ஸ்ரே கிளம்புற எடத்துல இருந்து டிடெக்டர் வரைக்கும் 65 செ.மீ.ன்னு வெச்சுக்கோங்க. மார்பு 36 செ.மீ. தூரத்துல இருந்தா 65-ஐ 36-ஆல வகுத்தா 1.8 மடங்கு. வழக்கமா ஒன்றரையில இருந்து ரெண்டு மடங்குக்குள்ளதான் எடுப்பாங்க.

வெறும் 1.8 மடங்குதானா, நான் 800 சதவீதம் ஜூம் பண்ணேனேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. டிடெக்டரோட ஒரு பிக்சல் 0.1 மி.மீ. (மெஷினைப் பொறுத்து 0.05-ல இருந்து 0.1 வரைக்கும் இருக்கும்.) துகள் 0.2 மி.மீ. சாதாரணப் படத்துல அது மேல விழுறது குறுக்க 2, நெடுக்க 2, ஆக 4 பிக்சல். மேக்னிஃபிகேஷன்ல 3.6-க்கு 3.6, கிட்டத்தட்ட 13 பிக்சல். 4 பிக்சல்ல உருண்டையா, நீளமா, வளைஞ்சிருக்கான்னு சொல்ல முடியாது. 13-ல கொஞ்சம் சொல்லலாம். நான் 800 சதவீதத்துல பாத்ததும் அதே 4 பிக்சல்தான், என்ன, ஒவ்வொண்ணும் கேரம்போர்டு அளவுக்கு.

டார்ச் கதையில ஒரு சிக்கல் இருக்கு, கவனிச்சிருப்பீங்க. கையை டார்ச் பக்கம் கொண்டு போகப் போக நெழலு ஓரம் மங்கிப் போகும். ட்யூப்லைட் வெளிச்சத்துல நெழலே ஒழுங்கா விழாது. சின்னப் புள்ளியா எரியற எல்.ஈ.டி.யில கத்தி மாதிரி விழும். வெளிச்சம் வர்ற எடம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு கூர்மை. எக்ஸ்ரே குழாய்ல இந்தப் புள்ளிக்கு ஃபோக்கல் ஸ்பாட்னு பேரு. மேமோகிராம் மெஷின்ல ரெண்டு அளவுல இருக்கும்: சாதாரணப் படத்துக்கு 0.3 மி.மீ., மேக்னிஃபிகேஷனுக்கு 0.1 மி.மீ. 0.3-ஐ வெச்சு 1.8 மடங்கு எடுத்தா ஓரத்துல 0.24 மி.மீ.க்கு மங்கல் வரும், அதாவது துகளையே முழுங்கிடும். 0.1-ல அது 0.08. மேடை போட்டா மட்டும் போதாது, புள்ளியும் மாறணும். சும்மா கிட்டக்கப் புடிச்சு எடுக்கறது இல்லைங்க, மொத்த அமைப்பே வேற.

இன்னொரு லாபமும் இருக்கு. உடம்புக்குள்ள பட்டுச் செதறுற எக்ஸ்ரே படத்துக்கு மேல ஒரு பனிமூட்டம் மாதிரி படியும். மார்கழியில சுருளி மலையைப் பாக்கற மாதிரி. சாதாரணப் படத்துல அதைத் தடுக்க கிரிட்னு ஒரு சல்லடை வெப்பாங்க. மேக்னிஃபிகேஷன்ல மார்புக்கும் டிடெக்டருக்கும் நடுவுல காத்து இடைவெளி இருக்கறதால செதறுனது பாதி அங்கிட்டும் இங்கிட்டும் போயிடும், சல்லடையே தேவையில்ல. ஜூம் பண்ணா மலையோட சேந்து பனியும் பெருசாகும், அவ்வளவுதான்.

இதெல்லாம் நேத்து முளைச்ச வித்தையும் இல்ல. மார்புப் புத்துநோய்ல சுண்ணாம்புத் துகள் தெரியுதுன்னு உருகுவே நாட்டு ரவுல் லெபோர்ன் 1951-லயே எழுதிட்டாரு. மேக்னிஃபிகேஷன் மேமோகிராஃபி பத்தி எட்வர்ட் சிக்கிள்ஸும் குனியோ டோயும் கூட்டாளிகளும் ஆராய்ச்சி வெளியிட்டது 1977-ல. அப்ப ஏது மானிட்டர், ஏது ஜூம். ஃபிலிமை லென்ஸ் வெச்சுப் பாக்கற காலம். லென்ஸ்தான் அந்தக் காலத்து ஜூம்னு வெச்சுக்கிட்டா, லென்ஸ் இருந்தும் பத்தலைன்னுதானே மேடை போட்டாங்க?

"அப்ப முதல் தடவையே அப்படி எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே"ன்னு மாமா கேட்டாரு. நியாயமான கேள்வி. ஒண்ணு, மேக்னிஃபிகேஷன்ல முழு மார்பும் படத்துக்குள்ள வராது, சந்தேகப்படற எடம் மட்டும்தான். ரெண்டு, எக்ஸ்ரே கிளம்புற எடத்துக்கு மார்பு கிட்டக்கப் போறதால டோஸ் கூடும். (தூரம் பாதியானா தீவிரம் 4 மடங்கு, பிளஸ் டூ பிசிக்ஸ்.) சல்லடை எடுத்ததுல கொஞ்சம் மிச்சம் ஆனாலும் மொத்தத்துல கூடத்தான் செய்யும். அப்புறம், சின்னப் புள்ளிக்குள்ள அதிக கரண்ட் பாய்ச்சுனா அது தாங்காதுங்கிறதால படம் எடுக்கற நேரம் நீளும், அமுக்கிப் புடிச்சபடி மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கணும். அசைஞ்சா எல்லாம் வீண். அதனால தேவைப்படறவங்களுக்கு மட்டும், தேவைப்படற எடத்துல மட்டும்.

ஜூமை இவ்வளவு திட்டிட்டேன், அதோட பக்கமும் சொல்லணும். நல்ல மேமோகிராம் படத்துல 70 லட்சம் பிக்சல்ல இருந்து 1 கோடிக்கு மேல வரைக்கும் இருக்கும். டாக்டர் பாக்கற ஸ்பெஷல் மானிட்டர்லயே பொதுவா 50 லட்சம்தான். முழுப் படத்தையும் திரையில அடைச்சா நெறைய பிக்சல் ஒளிஞ்சு போயிடும். அதனால அவங்க ஜூம் பண்ணித்தான் பாக்கறாங்க, பாக்கவும் வேணும். ஒளிஞ்சிருக்கறது வெளிய வர்ற வரைக்கும் ஜூம் உண்மையிலயே வேலை செய்யுது. அதுக்கு மேல போனா ஃப்ளெக்ஸ் பேனர். டிஜிட்டல் வந்த பிறகு "இந்த ஜூமே போதாதா, எதுக்கு இன்னொரு எக்ஸ்ரே"ன்னு ரேடியாலஜிஸ்டுகளே கேட்டு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. படத் தெளிவுல மேக்னிஃபிகேஷன்தான் மேல, ஆனா கடைசியா முடிவு சொல்றதுல வித்தியாசம் அவ்வளவு பெருசில்லைன்னு சொன்ன ஆராய்ச்சிகளும் உண்டு. அதனால ஜூம் போதுமாங்கிறது முட்டாள்தனமான கேள்வின்னு சொல்ல மாட்டேன். ஆனா அதை முடிவு பண்ண வேண்டியவர் முழுப் படத்தையும் நல்ல மானிட்டர்ல பாத்த டாக்டர். வாட்ஸப்புல வந்த ரிப்போர்ட்டை பிரியாணி மயக்கத்துல பாத்த நான் இல்ல. அவர் ஜூம் பண்ணிப் பாத்துட்டுத்தான் பத்தலைன்னு எழுதியிருக்காரு. எழுதின ஆளை விட்டுட்டு எழுதாத காசுக் கணக்கை நான் கண்டுபிடிச்சேன்.

அன்னைக்கு ராத்திரியே பெரியம்மாகிட்ட உக்காந்தேன். போன்ல டார்ச்சைப் போட்டு, டப்பாவுல இருந்து ஒரு ஏலக்காயை எடுத்து, செவுத்துல நெழலு காட்டினேன். செவுத்தை ஒட்டி, அப்புறம் தள்ளி. காம்பு தெரிஞ்சது. "அட, இம்புட்டுத்தானா? இதை அங்கனயே சொல்லியிருந்தா மறுநாளே போயிருப்பேனே"ன்னாங்க. நான் தப்பாச் சொன்னதையும் ஒத்துக்கிட்டேன். அதுக்கு ஒண்ணும் சொல்லல. சாப்பாடு போட்டாங்க.

அந்த வாரமே மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். கம்பத்துல இருந்து தேனி 40 கிலோமீட்டர், அங்க இருந்து மதுரை இன்னொரு 75. வெள்ளனே கெளம்புனாத்தான் பொழுதோட திரும்ப முடியும். பெரியம்மாவுக்குக் கூட ஒரு நாள் கூலி, ஒரு நாள் தோட்ட வேலை போச்சு. தனியா வாழற, தினம் ஜீப் ஏறி கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு இது எப்படி முடியும்? முதல் படம் எடுத்த அன்னைக்கே, அவங்க அங்க உக்காந்திருக்கும்போதே ரேடியாலஜிஸ்ட் பாத்து, தேவைன்னா கையோட மேக்னிஃபிகேஷனும் எடுத்து அனுப்பலாமே. எல்லா எடத்துலயும் முடியாதுன்னு தெரியும். ஆனா முடியற எடத்துலயாவது செய்யலாம். ஏன்னா இந்தப் பள்ளத்தாக்குல 'அப்புறம் வாங்க'ன்னா பாதிப் பேருக்கு 'வர வேண்டாம்'னு காதுல விழும். 2022-க்கான குளோபோகான் கணக்குப்படி இந்தியாவுல அந்த ஒரு வருஷத்துல சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதுசா மார்பகப் புத்துநோய். அதுல எத்தனை பேரு ரெண்டாவது பஸ்ஸை ஏறாம விட்டவங்கன்னு எந்தக் கணக்குல வரும்?

இன்னொண்ணு, காசே செலவில்லாதது. திரும்ப வரச்சொல்றப்ப தமிழ்ல ரெண்டே வரி. "இந்தப் படத்துல துகளோட வடிவம் தெரியல, வேற விதமா எடுத்தாத்தான் தெரியும். வரச்சொன்னதாலயே புத்துநோய்னு அர்த்தம் இல்ல." ரிப்போர்ட் கவர் மேல அச்சடிச்சே குடுக்கலாம். "பெருசு பண்ணணும்"னு மட்டும் சொன்னா எல்லாரும் போன்ல ரெண்டு வெரலை விரிக்கற ஞாபகத்துலதான் இருப்பாங்க. பெரியம்மா கேட்டது அதனாலதான், நான் சொன்னதும் அதனாலதான்.

மதுரைல ரெண்டு படம் எடுத்தாங்க, ஒண்ணு மேல இருந்து, ஒண்ணு நேர் பக்கவாட்டுல. சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டுத் திரையைக் காட்டினாங்க. மேல இருந்து எடுத்ததுல துகள் மங்கலா வட்ட வட்டமா இருந்துச்சு. பக்கவாட்டுல எடுத்ததுல அதே துகள் அடிப்பக்கம் வளைஞ்ச சின்னச் சின்ன பிறை. டம்ளர் அடியில காப்பி மண்டி தங்கி நிக்குமே, மேல இருந்து பாத்தா வட்டம், பக்கத்துல இருந்து பாத்தா அடியில ஒரு வளைவு, அதே கதைதான். குட்டிக் குட்டி நீர்க்கட்டிக்குள்ள சுண்ணாம்பு தங்கியிருக்கு, கெட்டது இல்லைன்னாங்க. டாக்டருங்க பாஷையிலயே இதுக்கு டீ கப்னுதான் பேராம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வடிவத்துல, மெல்லிசாக் கோடு கோடா, கிளை விட்டு இருந்தாத்தான் பயப்படணும், அப்ப ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும்னு சொன்னாங்க. பைராட்ஸ் 2. வருஷம் ஒரு தடவை வந்தாப் போதும்.

பாத்தியா, நீ சொன்னபடி ஒண்ணும் இல்லதானேன்னு மாமா முதுகுல தட்டினாரு. இல்ல மாமா. துகள் டீ கப் வடிவத்துல இருந்ததுக்கும் நான் சொன்னதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. 800 சதவீதத்துல நான் பாத்த சதுரத்துக்குள்ள டீ கப்பும் இருந்திருக்கலாம், கிளை விட்ட கோடும் இருந்திருக்கலாம். காசு போட்டுப் பூவா தலையா பாத்த மாதிரிதான். பெரியம்மா தூங்காத 3 வாரமும் என் கணக்குலதான் இருக்கு.

சிடி இப்ப பீரோல பட்டுச்சேலைக்கு நடுவுல இருக்கு. அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பாக்க பழைய படமும் வேணும், பிரிண்ட்டோ போன்ல எடுத்த போட்டோவோ பத்தாது, சிடியையே கொண்டாங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ரெண்டு நாளைக்கு முன்னாடி மறுபடி போன். பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கும் இதே மாதிரி திரும்ப வரச்சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்களாம்.

"ஏய்யா, அந்த டார்ச் லைட்டுக் கதைய இவளுக்கும் ஒருக்காச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. இந்தா, போனைக் குடுக்கறேன். ஏலக்காய் கையில இருக்கு."